பாரின் சரக்கு வாங்கப் போறீங்களா? லேபிளைப் படிங்க... ஏமாறாதீங்க!

மச்சானுக்கு கல்யாணம், புது வீடு கிரகப்பிரவேசம், தீபாவளி போனஸ்... ஏதாவது ஒரு விசேஷம் வந்துவிட்டால் போதும். "எப்பவும் குடிக்கிற குவார்ட்டரை விடு. இந்த ஒரு தடவையாவது ஒரிஜினல் ஸ்காட்ச் வாங்கலாம்" என்று கிளம்பி விடுகிறார்கள் குடிமகன்கள்.

கடைக்குள் நுழைந்த பிறகுதான் தலை சுற்றுகிறது. பிளெண்டட் என்கிறார்கள், சிங்கிள் மால்ட் என்கிறார்கள், 12 வருஷம், 18 வருஷம் என்கிறார்கள். விற்பனையாளரிடம் கேட்கவும் கூச்சம். கடைசியில் எது கலர் கூடுதலோ, எந்த அட்டைப்பெட்டி பளபளப்போ, அதை வாங்கி வந்து விடுகிறார்கள். ஒரு வாரக் கூலி ஒரே பாட்டிலில் காலி! மறுநாள் சந்தேகம் வேறு. "மாப்ள, இது ஒரிஜினல்தானா?"

இத்தனை கேள்விகளுக்கும் பதில் பாட்டில் மேலேயே அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

எது ஸ்காட்ச்?

ஸ்காட்ச் என்பது கம்பெனி பெயர் அல்ல. இங்கிலாந்துக்கு வடக்கே உள்ள ஸ்காட்லாந்தில் தயாராகும் விஸ்கிக்கு மட்டுமே அந்தப் பெயர். காஞ்சிபுரத்தில் நெய்தால்தான் காஞ்சிபுரம் பட்டு என்பது போலத்தான் இதுவும். இந்தியாவிலும் ஸ்காட்ச்சுக்கு புவிசார் குறியீடு பாதுகாப்பு இருக்கிறது.

இதற்கென்றே அங்கே 2009-ல் தனி விதிமுறை கொண்டு வந்தார்கள். அதன்படி:

* தானியத்தில் இருந்துதான் வடிக்க வேண்டும். வடிப்பதும் ஊற வைப்பதும் ஸ்காட்லாந்திலேயே நடக்க வேண்டும்.

* ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடக்க வேண்டும். பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

* பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

* தண்ணீரும், நிறத்துக்காக சர்க்கரையைக் கருக்கி எடுத்த கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. எசென்ஸ், இனிப்பு எதற்கும் இடமில்லை.

நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி வேறு ரகம். சர்க்கரை ஆலையின் மொலாசஸில் இருந்தோ, தானியத்தில் இருந்தோ எடுத்த வாசனையில்லாத ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் விஸ்கி கலந்து தயாரிப்பது அது. மொலாசஸ் சரக்கை ஐரோப்பிய நாடுகளில் விஸ்கி என்று எழுதி விற்கவே முடியாது. அங்கே தானியத்தில் வடித்தால் மட்டுமே அந்தப் பெயர்.

கோர்ட்டு வரை போன பெயர்!

பெயரைப் பார்த்து மட்டும் ஸ்காட்ச் என்று முடிவு செய்துவிட முடியாது. இதற்கு ஒரு வழக்கே சாட்சி.

பெங்களூரைச் சேர்ந்த கோடே நிறுவனம் 1968-ல் இருந்து "பீட்டர் ஸ்காட்" என்ற இந்திய விஸ்கியை விற்று வந்தது. 'ஸ்காட்' என்ற சொல்லைப் பார்த்து மக்கள் குழம்புவார்கள் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் எதிர்ப்பு தெரிவித்தது. சென்னை ஐகோர்ட்டு வரை வந்த இந்த வழக்கு, பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2008-ம் ஆண்டு மே மாதம் கோடே நிறுவனத்துக்கு சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பெயரைப் பற்றித் தெரிந்தும் சங்கம் பல வருடம் சும்மா இருந்துவிட்டது என்பது ஒரு காரணம். ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள், எது எங்கே தயாரானது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பது இன்னொரு காரணம்.

இன்றைக்கு நிலைமை வேறு. ஆட்டோ ஓட்டுகிறவரும், சென்ட்ரிங் வேலை பார்க்கிறவரும் விசேஷத்துக்கு ஸ்காட்ச் வாங்குகிறார்கள். 2024-ல் மட்டும் சுமார் 19 கோடியே 20 லட்சம் பாட்டிலுக்குச் சமமான ஸ்காட்ச் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. எண்ணிக்கையில் அந்த ஆண்டு உலகிலேயே இந்தியாதான் நம்பர் ஒன்! வாங்குகிறவருக்கு விவரம் தெரியும் என்று கோர்ட்டே சொன்ன பிறகு, விவரத்தைத் தெரிந்து கொள்வது வாங்குகிறவர் பொறுப்பாகி விட்டது.

ஆகவே முதலில் தேட வேண்டிய வார்த்தை "ஸ்காட்ச் விஸ்கி". இரண்டு சொல்லும் சேர்ந்து இருக்க வேண்டும். "ஸ்காட்ச் கலந்தது", "ஸ்காட்ச் பீப்பாயில் ஊறியது" என்று இருந்தால் அது ஸ்காட்ச் அல்ல. விஸ்கி என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஒய்' எழுத்துக்கு முன்னால் 'இ' இருக்கிறதா என்றும் பாருங்கள். அயர்லாந்து, அமெரிக்க சரக்குகளில்தான் பெரும்பாலும் 'இ' இருக்கும். ஸ்காட்ச்சில் இருக்காது.

மளிகைக் கடையில் பிறந்த சரக்கு

அடுத்த குழப்பம் பிளெண்டடா, சிங்கிள் மால்ட்டா என்பது.

மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி. நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டி காய வைத்து மாவு அரைப்பது போலத்தான். பார்லியை ஊற வைத்து, முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கலக்கி, ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுகிறார்கள். பிறகு செம்புப் பானையில், பெரும்பாலும் இரண்டு முறை வடிக்கிறார்கள். இப்படி ஒரே ஒரு வடிசாலையில் மால்ட்டை மட்டும் வைத்துத் தயாரித்தால் அது சிங்கிள் மால்ட்.

கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களைச் சேர்த்து வடிப்பது கிரெய்ன் விஸ்கி. இது சாதுவானது. பல ஊர் மால்ட்டையும் கிரெய்னையும் பதம் பார்த்துக் கலந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். உலகில் விற்கும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி இதுதான்.

இந்தக் கலவைக் கலை வளர்ந்தது மளிகைக் கடைகளில்! ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் என்ற ஊரில் அப்பாவை இழந்த ஜான் வாக்கர் என்ற சிறுவனுக்கு, பண்ணையை விற்ற பணத்தில் 1820-ல் ஒரு மளிகைக் கடை வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு ருசியில் இருந்த காலம் அது. எப்போது வந்தாலும் ஒரே ருசி வேண்டும் என்பது வாடிக்கையாளரின் ஆசை. கடைக்காரர்கள் கலந்து கொடுக்கப் பழகினார்கள். ஜான் வாக்கரின் மகன் அலெக்சாண்டர் அதைப் பெரிய வியாபாரமாக்கினார். 1909-ல் ரெட் லேபிள், பிளாக் லேபிள் என்று பெயர் சூட்டினார்கள். சிவாஸ் ரீகல் பின்னணியிலும் அபர்டீன் நகரத்து மளிகைக் கடைதான் இருக்கிறது.

ஆகவே "பிளெண்டட்னா கலப்படம், சிங்கிள் மால்ட்தான் சுத்தம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். பிளெண்டட்டும் சட்டப்படி முழு ஸ்காட்ச்தான். முதன்முறை குடிக்கிறவர் நாக்குக்கு இதுதான் ஒத்துப் போகும். விலையும் குறைவு.

வயசுக் கணக்கு

லேபிளில் 12 என்று போட்டிருந்தால், அந்தப் பாட்டிலில் கலந்திருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயசு 12 என்று அர்த்தம். 30 வருஷ சரக்கில் 3 வருஷ சரக்கை ஒரு சொட்டு கலந்தாலும், வயசு எழுதினால் 3 என்றுதான் எழுத வேண்டும். வயசே போடாத பாட்டில் என்றால் குறைந்தது 3 வருஷம் என்று எடுத்துக் கொள்ளலாம். ரெட் லேபிளில் வயசு இருக்காது. பிளாக் லேபிளில் 12 இருக்கும்.

வயசு கூடினால் விலை ஏறுவது ஏன்? பீப்பாயில் இருந்து வருடத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடுகிறது. "தேவதைகளின் பங்கு" என்று அதற்குச் செல்லப் பெயர். 18 வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். அந்த நஷ்டமும், அத்தனை வருஷம் குடோனில் முடங்கிய பணமும் விலையில் ஏறுகிறது.

வயசு கூடினால் ருசியும் கூடும் என்று கட்டாயம் இல்லை. ரொம்ப நாள் ஊறினால் மரத்தின் கசப்பு தூக்கலாகி விடுவதும் உண்டு. பாட்டிலில் அடைத்த பிறகு வயசு ஏறாது என்பது இன்னொரு விஷயம். தாத்தா வாங்கி பீரோவில் பூட்டி வைத்த 12 வருஷ பாட்டில், 20 வருஷம் கழித்தும் 12 வருஷ சரக்குதான்!

கலரைப் பார்த்து மயங்காதீங்க

"நல்லா டார்க்கா இருக்கு பாரு, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பது பார் பேச்சு. வடித்து இறக்கும்போது விஸ்கி தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். நிறம் வருவது பீப்பாயில் இருந்து. கேரமல் சேர்க்கவும் சட்டத்தில் இடம் இருப்பதால், கலரை வைத்து வயசையும் சொல்ல முடியாது, தரத்தையும் சொல்ல முடியாது. காரம் தெரிய வேண்டுமானால் லேபிளில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி வாசம்!

ஆசையாக சிங்கிள் மால்ட் வாங்கி, ஒரு வாய் குடித்ததும் "என்னடா இது, ஆஸ்பத்திரி வாசம் வருது" என்று துப்பியவர்கள் உண்டு. சரக்கு கெட்டுப் போகவில்லை. அதன் சுபாவமே அதுதான்.

ஸ்காட்லாந்தில் சதுப்பு நிலத்தில் செடி கொடி மக்கி இறுகிய மண்ணுக்கு பீட் என்று பெயர். அதை வெட்டிக் காய வைத்து நம் ஊர் வறட்டி போல எரிப்பார்கள். அந்தப் புகையில் பார்லியை உலர்த்தினால் புகை வாசம் விஸ்கியிலும் இறங்கி விடும். ஐலா என்ற தீவில் தயாராகும் லாஃப்ராய்க், ஆர்ட்பெக், லாகவூலின் போன்றவை இந்த ரகம். பழகியவர்களுக்கு அமிர்தம். புதுசாகக் குடிப்பவர்களுக்கு டிஞ்சர்!

ஸ்பேசைட் பகுதிச் சரக்கு பெரும்பாலும் சாது. ஆப்பிள், பேரிக்காய், தேன் மாதிரி மென்மையான வாசம் வரும். கிளென்லிவெட், கிளென்ஃபிடிக் இரண்டும் அந்த ஊர்க்காரர்கள்தான். முதல் சிங்கிள் மால்ட் என்றால் இந்தப் பக்கம் போவது நல்லது. அதற்கும் முன்னால் ஒரு பிளெண்டட்டில் ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

முதல் தடவையே ஃபுல் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. பாரில் 30 மில்லி கேட்டு ருசி பார்க்கலாம். குவார்ட்டர் சைசில் கிடைக்கும் ஸ்காட்ச்சை வாங்கிப் பார்க்கலாம். பிடித்தால் பெரிய பாட்டில். பிடிக்காவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான்.

இந்தியாவில் அடைத்தால் டூப்ளிகேட்டா?

"பின்னாடி பாரு, பாட்டில்ட் இன் இந்தியான்னு போட்டிருக்கு. இது டூப்ளிகேட்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. 100 பைப்பர்ஸ், பிளாக் டாக், வாட் 69, டீச்சர்ஸ் போன்ற பிளெண்டட் ரகங்கள் ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஊறி, மொத்தமாக இங்கு வந்து பாட்டிலில் அடைக்கப்படுகின்றன. இவையும் ஸ்காட்ச்தான். விலை குறைவதற்கு இது ஒரு காரணம்.

சிங்கிள் மால்ட் கதை வேறு. 2012-ம் ஆண்டு நவம்பர் முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்பது சட்டம். ஒரே லேபிளில் "சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்" என்றும் "இந்தியாவில் அடைக்கப்பட்டது" என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வைத்துவிட்டு வந்து விடுங்கள்.

பெங்களூர் அம்ருத், கோவா பால் ஜான் ஆகியவை இந்திய சிங்கிள் மால்ட். ஸ்காட்ச் அல்ல, ஆனால் உலக அளவில் பேர் வாங்கியவை. அம்ருத் 2004-ல் முதலில் விற்பனைக்கு வந்ததே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

டூப்ளிகேட்... ஜாக்கிரதை!

பணம் போவதோடு நின்றால் பரவாயில்லை. உயிரே போகும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. காலி ஸ்காட்ச் பாட்டிலில் மட்டமான சரக்கை ஊற்றி, மூடி போட்டு "ஏர்போர்ட் சரக்கு, பாதி விலை" என்று விற்கும் கும்பல்கள் அவ்வப்போது போலீசில் சிக்குகின்றன. உள்ளே மெத்தனால் கலந்திருந்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

பற்ற வைத்துப் பார்ப்பது, கையில் தேய்த்து மோந்து பார்ப்பது என்று எந்த வீட்டு சோதனையிலும் மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. முன்கூட்டியே கவனிக்க வேண்டியவை இவை:

* லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

* மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். மூடியைத் திருகினால் லூசாகச் சுற்றக் கூடாது.

* கடையில் விற்கும் இறக்குமதி பாட்டிலில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மது எச்சரிக்கை வாசகம், அரசின் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

* லேபிளில் எழுத்துப் பிழை, கோணலாக ஒட்டியது, மங்கிய அச்சு இருந்தால் உஷார்.

* இந்தியக் கடைக்கு வரும் ஃபுல் பெரும்பாலும் 750 மில்லி. ஐரோப்பாவில் 700 மில்லி. ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீயில் 1 லிட்டர் அதிகம். கடை ரேக்கில் இருக்கும் பாட்டிலில் 700 என்றோ 1 லிட்டர் என்றோ இருந்து, இறக்குமதி ஸ்டிக்கரும் இல்லை என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

* வெளிநாட்டில் இருந்து வருபவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். அது சொந்த உபயோகத்துக்கு. அதை விற்பது குற்றம். முகம் தெரியாத ஆள் கொண்டு வந்து கொடுக்கும் "டூட்டி ஃப்ரீ" பாட்டிலை நம்பாதீர்கள்.

* குடித்து முடித்த பாட்டிலை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கிப் போடுங்கள். டூப்ளிகேட் கும்பலுக்கு மூலதனமே அந்தக் காலி பாட்டில்தான்.

குடித்த பிறகு கண் மங்கினாலோ, வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல் வந்தாலோ "தூங்கினா சரியாயிடும்" என்று படுக்க வைக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

விலை குறையுமா?

வெளிநாட்டு மதுவுக்கு 150 சதவீத இறக்குமதி வரி என்பதே பல வருட நிலவரம். அதற்கு மேல் மாநில வரிகள் வேறு. 2025-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி இந்தியாவும் இங்கிலாந்தும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் ஸ்காட்ச் மீதான வரி முதலில் 75 சதவீதமாகவும், பத்தாவது ஆண்டில் 40 சதவீதமாகவும் குறையும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கடையில் விலை எவ்வளவு இறங்கும் என்பது மாநில வரியையும் பொறுத்தது. பாதி விலைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

தண்ணியா, சோடாவா?

தண்ணீர் கலந்தால் ஸ்காட்ச் கெட்டுவிடும் என்பது கட்டுக்கதை. கொஞ்சம் தண்ணீர் விட்டால் வாசம் எடுத்துக் கொடுக்கும். இதற்கான காரணத்தை சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2017-ல் ஆராய்ந்து சொன்னார்கள். தண்ணீர் சேரும்போது வாசனைப் பொருள் மேல் பரப்புக்கு வருகிறதாம். சோடா, ஐஸ் அவரவர் விருப்பம். ஆனால் கோலா ஊற்றி, ஊறுகாய் நக்கிக் குடிப்பதாக இருந்தால் 18 வருஷ சரக்குக்குக் காசு கொடுப்பது வீண். அந்த ருசிக்கு முன்னால் எல்லா விஸ்கியும் ஒன்றுதான்.

மொடக் மொடக் என்று ஊற்றுவதற்கு அல்ல ஸ்காட்ச். முதலில் மோந்து பார்த்து, சின்ன வாயாக எடுத்து, நாக்கில் வைத்திருந்து விழுங்க வேண்டும். ஒரு ஸ்மால் அரை மணி நேரம் போக வேண்டும்.

பாரின் சரக்குன்னா தலைவலி வராதா?

"எவ்வளவு அடிச்சாலும் ஏறாது, காலைல தலைவலி வராது" என்று ஸ்காட்ச் பற்றி ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. இதில்தான் பலர் கவிழ்கிறார்கள். இந்தியாவில் விற்கும் பல ஸ்காட்ச் பாட்டில்களில் ஆல்கஹால் 42.8 சதவீதம். டாஸ்மாக் குவார்ட்டரிலும் அதே 42.8 சதவீதம்தான். 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இரண்டிலும் ஒரே அளவு. விலை கூடினால் ருசி மாறலாம். கல்லீரலுக்கு விலை தெரியாது.

எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டினால் முதல் முறையே 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில். அந்த 10 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் ஆட்டோ வாடகை ஒன்றுமே இல்லை.

குடிக்காதவர் ருசி பார்க்கவென்று ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. விசேஷத்துக்கு ஒரு பாட்டில் வாங்கியே தீருவேன் என்பவர், காசை எடுப்பதற்கு முன்னால் பாட்டிலைத் திருப்பி ஒரு நிமிஷம் படிக்கட்டும். "ஸ்காட்ச் விஸ்கி" என்று இருக்கிறதா? எந்த ரகம்? எத்தனை வயசு? எங்கே அடைத்தது? யார் இறக்குமதி செய்தது? சீல் சரியாக இருக்கிறதா?

ஒரு வாரக் கூலிக்கு ஒரு நிமிஷம் செலவழிப்பது தப்பில்லை!